கிணற்றடியில் யுரேனியம்

சென்ற மாதம் ஒரு கிருகப் பிரவேசத்தை முன்னிட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தோம். விசேஷம் முடிந்து பந்தல் பிரிப்பதற்கு முன்பே, நமது தமக்கையார் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார். வீட்டுப் பின்புறத்திலுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பரிசோதித்து ஒரு சோதனைச்சாலையார் அனுப்பியிருந்த சீட்டு அது. உப்பின் அளவு, கடினத் தன்மை, புளோரைடு என்று வரிசையாக எழுதிவந்து, கடைசி வரியில் 'யுரேனியம்' என்று கண்டிருந்தது. அதன் அளவு அநுமதிக்கப்பட்ட எல்லைக்கு உட்பட்டே இருந்தது. ஆயினும் தமக்கையாரின் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

"ஏந் தம்பி, இது அணுகுண்டு செய்யற சாமானல்லவா? நம்ம கிணத்துக்குள்ளே எப்படி வந்துச்சு? சாயப்பட்டறைக்காரங்க விட்டதுதானே?" என்று கேட்டார்.

அதே சமயம் வாசலில் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் போர் வண்டி ஏஜெண்டு. கிணற்றில் நீர் குறைந்துவிட்டதென்று மாமா அவரை வரவழைத்திருந்தார். "இன்னொரு முந்நூறு அடி போட்டாப் போதுமுங்க, தண்ணி பீச்சியடிக்கும். வண்டி பக்கத்து வீதியிலேயே நிக்குதுங்க. நாளைக்குக் காலையில வந்துரலாமுங்க" என்று அவர் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தமக்கையாருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். சிறிது யோசித்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இவ்விதச் சீட்டு நம் நேயர்களில் பலருடைய வீட்டுக்கும் இனி வரக்கூடும்.

முதலில் சாயப்பட்டறையைப் பற்றி. நொய்யலாறு பட்ட பாட்டை அறிந்தவர்கள், அவ்வூர் நீரில் எந்தக் கெடுதலைக் கண்டாலும் சாயத்தின் மேல் பழி போடுவது இயற்கையே. பஞ்சு நூலில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டும் சோற்றுப்பும் கிளாபர் உப்பும் சோடா ஆஷும் வருஷக்கணக்கில் ஆற்றிலே விடப்பட்டன. பாசனத்திற்காக 1992ஆம் வருஷத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாக மாறிற்று. அணையைத் திறந்து விடுங்கள் என்று கேட்க வேண்டிய குடியானவர்களே, திறக்க வேண்டாம் என்று மன்றாடும்படி ஆயிற்று. கடைசியில் 2011ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே திறக்கலாம் என்று உத்தரவிட்டது. இவையெல்லாம் உண்மை. ஆனால் யுரேனிய விஷயத்தில் சாயப்பட்டறைக்காரர் குற்றவாளி அல்லர். அவர் அதைக் கொண்டு வரவில்லை. அது அவருக்கு முன்னால், நமக்கு முன்னால், இவ்வூருக்கே முன்னால், கொங்கு நாட்டுக் கருங்கல்லுக்குள்ளேயே குடியிருந்து வருகிறது.

யுரேனியம் அபூர்வமான வஸ்து என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பூமியின் மேலோட்டில் வெள்ளியைவிட யுரேனியம் பன்மடங்கு அதிகம். ஒரு டன் சாதாரணக் கருங்கல்லில் மூன்று நான்கு கிராம் இருக்கும். தமக்கையாரின் சமையற்கட்டிலுள்ள அம்மிக்கல்லின் எடை இருபது கிலோ என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 60 மில்லிகிராம் யுரேனியம் உறங்குகிறது என்று கணக்காகிறது. இதைச் சொன்னதும் அவர் அம்மியைத் திரும்பிப் பார்த்த பார்வை நமக்குச் சிரிப்பை உண்டாக்கிற்று. பயப்பட வேண்டியதில்லை. அந்த அம்மியில் தலைமுறை தலைமுறையாகத் துவையல் அரைத்தும் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. கல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் வரையில் அது சாதுவான பிராணி. கல்லை விட்டு நீருக்குள் இறங்கும்போதுதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இதன் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். பெர்லின் நகரத்தில் கிளாப்ராத் என்ற மருந்துக்கடைக்கார ரசாயனி, 1789ஆம் வருஷத்தில், பிட்ச்பிளெண்டு என்னும் கறுத்த தாதுக்கல்லிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தார். எட்டு வருஷங்களுக்கு முன்புதான் வானத்தில் யுரேனஸ் என்ற புதிய கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கிரகத்தின் பெயரையே இதற்கும் வைத்தார். அவர் கையில் கிடைத்தது உலோகமல்ல, உலோகம் பிராணவாயுவோடு சேர்ந்த கூட்டுப்பொருளே என்பது பின்னால் தெரிந்தது. சுத்த உலோகத்தை முதலில் பார்த்தவர் 1841ஆம் வருஷத்தில் பெலிகோ என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளி நிறம், ஈயத்தைவிடக் கனம், ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 19 கிராம் நிற்கும். காற்றுப் பட்டால் கறுக்கும். பொடியாக்கினால் தானே தீப்பற்றும்.

சுமார் நூறு வருஷ காலம் இதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் ஏற்படவில்லை. பொஹீமியா தேசத்துக் கண்ணாடிக்காரர்கள் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு விசித்திர நிறம் வருவதற்காகக் கண்ணாடியிலே சேர்த்தார்கள். பீங்கான் பாத்திரங்களுக்கு ஆரஞ்சு மெருகு கொடுக்க உபயோகித்தார்கள். புகைப்படக்காரர்கள் படத்திற்குச் செம்பழுப்பு நிறமேற்றினார்கள். திருப்பூர்வாசிகளுக்குச் சுவாரஸ்யமான ஒரு செய்தி: பட்டிலும் கம்பளியிலும் சாயம் நன்றாகப் பற்றுவதற்கு நாம் படிகாரத்தை உபயோகிப்பதுபோல, யுரேனிய உப்பையும் உபயோகித்ததுண்டு. ஆக, சாயத் தொழிலுக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு இருக்கத்தான் செய்கிறது. திருப்பூர்ப் பட்டறைகளில் அல்ல, ஐரோப்பாவில்.

பிறகு 1896ஆம் வருஷம் வந்தது. பாரிஸில் ஹென்றி பெக்கெரல் என்பவர், கறுப்புக் காகிதத்தில் சுற்றிய புகைப்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து, வெயில் இல்லாத காரணத்தால் மேஜை அறைக்குள் போட்டு வைத்தார். சில தினங்கள் கழித்துத் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, வெளிச்சமே படாத அத்தகட்டில் உப்பின் உருவம் பதிந்திருந்தது. கல்லிலிருந்து ஏதோ கதிர் தானே புறப்படுகிறது என்று உலகத்தார் முதன்முதலில் அறிந்தது அன்றுதான். இரண்டு வருஷங்களில் கியூரி தம்பதிகள் அதே தாதுவிலிருந்து பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டார்கள். 1938ஆம் வருஷக் கடைசியில் ஜெர்மனியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனிய அணு பிளவுபடுவதற்கு அத்தாட்சி கண்டார்கள். நாட்டைவிட்டு ஓடிப்போயிருந்த லிஸே மைட்னர் அம்மையார் தம் மருமான் பிரிஷுடன் சேர்ந்து அதற்கு அர்த்தம் சொன்னார். ஏழு வருஷம்கூட ஆகவில்லை. 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமா. அன்று போட்ட குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த ஒரு கிலோவுக்கும் குறைவான உலோகம் ஒரு நகரத்தை அழித்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே ஜனங்களுக்கு நடுக்கம். தமக்கையார் நடுங்கியதும் அதனால்தான்.

நடுக்கம் நியாயமானதா என்று பார்ப்போம். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு 993 பங்கு, 238 என்ற எண்ணுள்ள வகை. எளிதில் பிளவுபடக்கூடிய 235 என்ற வகை ஆயிரத்தில் ஏழு பங்குதான். குண்டுக்கு வேண்டுமானால் இந்த ஏழை மிகுந்த பிரயாசையுடன் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆகையால் கிணற்று நீர் வெடிக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். கதிர் வீசுவதிலும் இது மகா உலோபி. 238 வகையில் பாதி அழிவதற்கு 447 கோடி வருஷம் ஆகும். பூமியின் வயசே ஏறக்குறைய அவ்வளவுதான். கஞ்சன் ஒருவன் பெட்டியிலிருந்து வருஷத்துக்கு ஒரு காசு எடுத்துச் செலவழிப்பதுபோல, இது தன் சக்தியைச் செலவிடுகிறது. 1600 வருஷத்தில் பாதியாகிவிடும் ரேடியம், ஊதாரிப் பிள்ளை. அதன் பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து.

அப்படியானால் குடிநீரில் இருக்கும் யுரேனியத்தால் என்ன தீங்கு? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குடிநீரில் அதன் கெடுதல் முக்கியமாகக் கதிரினால் வருவதல்ல. ஈயம், பாதரசம் போன்ற கன உலோகம் ஒன்று உடலுக்குள் போனால் வரும் ரசாயனக் கெடுதலே. குடித்த யுரேனியத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மிச்சம் மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் சேர்ந்ததிலும் பெரும் பகுதி சில தினங்களில் சிறுநீரகங்களின் வழியாக வெளியேறும். கொஞ்சம், சுண்ணாம்புச் சத்துப்போல எலும்பில் போய்த் தங்கும். வெளியேறும் வழியில்தான் வினை. ரத்தத்தில் அது பைகார்பனேட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரைந்து வருகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழல்களில் புளிப்புத் தன்மை ஏறும்போது அத்துணை பிரிந்துவிடுகிறது. தனித்துவிடப்பட்ட யுரேனியம் குழலின் சுவரிலுள்ள உயிரணுக்களைப் பற்றிக்கொள்கிறது. அதிக அளவில் போனால் அவ்வுயிரணுக்கள் மடியும்.

எவ்வளவு போனால் கெடுதல்? இதிலே நிபுணர்களின் கையும் தடுமாறியிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1998ஆம் வருஷத்தில் ஒரு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தார்கள். 2004இல் 15 ஆக்கினார்கள். 2011இல் 30 ஆக்கினார்கள். அதையும் தற்காலிகம் என்றே குறித்தார்கள். நம் தேசத்தின் தர நிர்ணய அமைவனமும் பின்னால் அந்த 30ஐயே ஏற்றுக்கொண்டது. அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்தார் கதிரை மட்டும் கருதி 60 என்று சொல்லியிருந்தார்கள். எல்லை இப்படி ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, 'யாருக்கோ சௌகரியம் செய்கிறார்கள்' என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. நமக்கு அவ்வளவு சந்தேகமில்லை. ஆரம்பத்தில் எலிகளையும் முயல்களையும் பார்த்து எல்லை போட்டார்கள். பிறகு மனிதர்களையே பார்க்க முடிந்தது. பின்லாந்து தேசத்தில் கருங்கல்லைத் துளைத்த கிணறுகளின் நீரை, யுரேனியம் மிகுந்த நீரை, வருஷக்கணக்காகக் குடித்தவர்களைப் பரீட்சித்து 2002ஆம் வருஷத்தில் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். சிறுநீரகக் குழல்களின் வேலையில் சிறு மாறுதல்கள் தெரிந்தன. சிறுநீரகம் கெட்டுப்போன நோயாளிகளாக அவர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் நம் ஊரில் வெயிலில் உழைப்பவன் பின்லாந்துக்காரனைவிட எத்தனை செம்பு நீர் அதிகம் குடிக்கிறான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாயத் தொட்டியடியிலும் இஸ்திரி மேஜையடியிலும் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இரண்டு லிட்டர் போதுமா? எல்லை வகுப்பவர்கள் போட்ட கணக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர்தான்.

இனி, இது கல்லிலிருந்து நீருக்கு இறங்கும் வித்தையைச் சொல்ல வேண்டும். சாயத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியிலே போட்டு, அதிலுள்ள பிராணவாயுவின் ஆதிக்கத்தைப் போக்கினால், மஞ்சள் கலந்த பச்சையாகிக் கரையும். நூலை அதில் முக்கி எடுத்துக் காற்றாட உதறினால், காற்று பட்ட மாத்திரத்தில் மறுபடியும் நீலமாகி, கரையாமல் நூலோடு ஒட்டிக்கொள்ளும். யுரேனியமும் இப்படி இரண்டு கோலம் கொள்ளும். ஆனால் நேர் எதிராக. காற்றுப்படாத ஆழத்தில் அது கரையாத கோலத்தில் கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது. காற்றுப் பட்டால் கரையும் கோலத்துக்கு மாறிவிடும். அந்தச் சமயத்தில் நீரில் பைகார்பனேட்டு மிகுந்திருந்தால் அதனோடு கைகோத்துக்கொண்டு வெகு தூரம் பயணம் செய்யும். கொங்கு நாட்டுக் கிணற்று நீர் பெரும்பாலும் எப்படிப்பட்டது? சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது. அந்தப் பைகார்பனேட்டு நீரேதான்.

இப்போது போர் வண்டிக்காரர் இக்கதைக்குள் எப்படி நுழைகிறார் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நீரை இறைக்க இறைக்க மட்டம் கீழே போகிறது. முன்பு நீரில் மூழ்கியிருந்த பாறை வெடிப்புகளில் காற்று புகுகிறது. காற்றுப் பட்ட யுரேனியம் கரையத் தயாராகிறது. அடுத்த மழையில் மட்டம் ஏறும்போது கழுவிக்கொண்டு வருகிறது. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் 324 கிணறுகளை அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் நம் தேசத்து நிபுணர்களுடன் சேர்ந்து பரீட்சித்து 2018ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லில் யுரேனியம் இயற்கையாக இருப்பது மூல காரணம். அளவுக்கு மீறி நீர் இறைப்பதும், நீரில் நைட்ரேட்டு சேர்வதும் அதைத் தூண்டுகின்றன என்று கண்டார்கள். பிறகு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் தேசம் முழுதும் பரீட்சித்தபோது, பஞ்சாப், ஹரியானா போன்ற இடங்களில் அதிகமாகவும், தமிழ்நாட்டில் சிற்சில இடங்களிலும் 30ஐத் தாண்டியிருப்பது தெரிய வந்தது. தவிர, ஆழத்திலுள்ள நீர் கல்லோடு குடித்தனம் செய்த காலமும் அதிகம். பல வருஷ காலம் கல்லோடு உறவாடிய நீர், கல்லின் குணத்தை எடுத்துக்கொள்ளாமலா இருக்கும்? எல்லா இடத்திலும் ஆழம் அதிகமானால் யுரேனியமும் அதிகம் என்று சூத்திரம் போட முடியாது. ஆனால் முந்நூறு அடி தாழ்த்தினால் பழைய சீட்டு செல்லாது. புதிய சீட்டு வாங்க வேண்டும். இந்தச் செலவை எந்த ஏஜெண்டும் தம் மதிப்பீட்டில் சேர்த்துச் சொல்வதில்லை.

உரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். பாஸ்பேட்டு உரம் செய்யும் பாறையிலும் யுரேனியம் உண்டு. உரத்தோடு கொஞ்சம் வயலுக்கு வந்து சேருகிறது. நிலக்கரியிலும் உண்டு, எரிந்தபின் சாம்பலில் திரண்டு நிற்கிறது. திருப்பூர்க் கிணற்றைப் பொறுத்தவரை கல்லே முதற்காரணம் என்பதால் இவற்றை விட்டுவிடுகிறோம்.

உபயோகத்தைச் சொல்லாமல் கெடுதலை மட்டும் சொல்வது நியாயமல்ல. ஒரு கிலோ 235 வகை முழுவதும் பிளந்தால் வரும் உஷ்ணம், சுமார் மூவாயிரம் டன் நல்ல நிலக்கரியை எரித்தால் வரும் உஷ்ணத்திற்குச் சமம். ஒரு கூட்ஸ் ரயில் முழுக்க நிலக்கரி ஒரு பக்கம், உள்ளங்கையில் அடங்கும் உருண்டை ஒரு பக்கம். கல்பாக்கத்தில் இயற்கை யுரேனியத்தையும் கன நீரையும் கொண்டு ஓடும்படி நம்மவர்களே கட்டிய இரண்டு உலைகள் 1984இலும் 1986இலும் வியாபார ரீதியில் மின்சாரம் தர ஆரம்பித்தன. கூடங்குளத்தில் ருஷ்யர்களின் உதவியோடு கட்டிய முதல் உலை 2013ஆம் வருஷத்தில் மின்சாரம் தந்தது. திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்ட யந்திரம் சுழல்வதற்கு எந்தெந்த இடத்து மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. காற்றாடியும் நிலக்கரியும் அணைக்கட்டும் அணுவும் எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. நாம் உடுத்தும் பனியனில் யுரேனியத்தின் உழைப்பும் ஒரு நூலளவு இருக்கிறதென்றே சொல்லலாம்.

அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டத்தில் ஜாதுகுடா என்ற மலைப்பிரதேசத்தில், சந்தாலர்களும் ஹோ ஜாதியாரும் வாழும் கிராமங்களின் நடுவே, 1960களிலிருந்து யுரேனியம் வெட்டி எடுத்து வருகிறார்கள். அங்கே ஆயிரம் பங்கு கல்லை அரைத்தால் ஒரு பங்கு யுரேனியம்கூடக் கிடைக்காது. மிச்சக் கல்மாவு முழுதும் சேறாகக் குட்டைகளில் தேக்கப்படுகிறது. யுரேனியத்தை எடுத்துவிட்டாலும், அதன் சந்ததியான ரேடியம் முதலியவை அந்தச் சேற்றிலேயே இருக்கின்றன. தாதுவில் இருந்த கதிரில் பெரும் பகுதி, ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு, குட்டையில் தங்கிவிடுகிறது. 2006ஆம் வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி அந்தச் சேற்றைக் கொண்டுபோகும் குழாய் வெடித்து, பக்கத்து ஓடையிலே சேறு பாய்ந்தது. இக்குட்டைகளின் ஓரத்தில் வாழ்பவர்களிடையே நோய் அதிகமா என்பதில் நிர்வாகத்தாருக்கும் கிராமத்தாருக்கும் தீராத வழக்கு இருந்து வருகிறது. நம் அபிப்பிராயம் இதுதான்: வழக்கு தீரும் வரையில் குட்டையோரத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது, வேலி போடுவதற்கு ஆராய்ச்சி முடிய வேண்டியதில்லை.

சுரங்கத் தொழிலாளிக்கு வேறொரு சத்துரு உண்டு. அது ராடான் என்னும் வாயு. யுரேனியத்தின் சந்ததியில் பிறந்தது. நிறமில்லை, மணமில்லை. ஜெர்மனியில் ஷ்னேபெர்க் என்ற ஊரின் சுரங்கக்காரர்கள் நடுவயதில் இருமி இருமி மாண்டுபோவதைக் கண்டு 'மலை வியாதி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது நுரையீரல் புற்று என்று 1879ஆம் வருஷத்தில் இரண்டு வைத்தியர்கள் கண்டு சொன்னார்கள். ராடான் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. நோய் முதலில் தெரிந்தது, காரணம் பின்னால் தெரிந்தது. நொய்யல் ஓரத்துத் தென்னைகள் காய்ந்தபோதும் அப்படித்தானே?

மீண்டும் திண்ணைக்கு வருவோம். தமக்கையாரின் அடுத்த கேள்வி, "காய்ச்சிக் குடிச்சாப் போகுமா?" என்பது. போகாது. காய்ச்சினால் நீர் ஆவியாகிக் குறையும், யுரேனியம் குறையாது. ஆகையால் காய்ச்சக் காய்ச்சச் சிறிது கூடுமேயல்லாது குறையாது. துணியில் வடிகட்டினாலும் மணலில் வடிகட்டினாலும் பயனில்லை. கரைந்த பொருள் துணியில் நிற்குமா? வீட்டில் உப்பின் அளவு பார்க்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் இதைக் காட்டாது. ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் உப்பு இருக்கும் நீரில், எல்லையளவான 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்பது அந்த உப்பில் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. யானையைத் தூக்கும் தராசில் கடுகை நிறுப்பதுபோல் ஆகும். நாக்குக்கும் தெரியாது. புளோரைடாவது குழந்தைகளின் பல்லில் கறையாக வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்; இது அதுவும் செய்யாது. சோதனைச்சாலையில் இதைக் கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று அழகானது. பழைய பொஹீமியக் கண்ணாடி ஊதா கடந்த ஒளியில் பச்சையாக ஜொலிக்கும் அல்லவா? அந்த ஜொலிப்பையேதான் நீரிலும் தேடுகிறார்கள். எவ்வளவு பச்சையோ அவ்வளவு யுரேனியம்.

ஆர்.ஓ. யந்திரம் பெரும்பாலும் நீக்கிவிடும். ஆனால் அது ஒரு குடம் நல்ல நீர் கொடுக்க இரண்டு மூன்று குடம் நீரைக் கழிவாகத் தள்ளும். தள்ளிய நீரில் உப்பும் யுரேனியமும் முன்னைவிட அதிகம். சாயப்பட்டறைக்காரர்கள் இதே யந்திரத்தைப் பெரிதாக வைத்து, கழிவைக் காய்ச்சி உப்பாக்கி அடுக்கும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்திற்று. வீடுகளிலோ அந்தக் கழிவு சாக்கடைக்குப் போகிறது. சிலர் சிக்கனம் என்று எண்ணிக் கிணற்றடிக்கே திருப்பிவிடுகிறார்கள். அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு விடலாம்.

யுரேனியம் தோலின் வழியாக உடலில் சேருவது சொற்பமே. ஆகையால் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் கிணற்று நீர் தாராளமாக ஆகும். கவனிக்க வேண்டியது குடிக்கும் நீரும் உலை வைக்கும் நீரும் மாத்திரமே. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு அது இரண்டு குடத்துக்கு மேல் போகாது. அந்த இரண்டு குடம் எங்கிருந்து வருவது என்பதே முழுப் பிரச்னையும். திருப்பூருக்குப் பவானி ஆற்று நீர் குழாயில் வருகிறது. தினந்தோறும் வருவதில்லை என்று தமக்கையார் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் வரும் அன்று பிடித்து வைத்தால் இரண்டு குடத்துக்குப் பஞ்சமில்லை. மழைநீரில் யுரேனியம் இல்லை. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிக்க வேண்டுமென்று 2003ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் சட்டம் செய்தபோது, மாமாவும் கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கித் தரைக்குள் விட்டிருந்தார். அந்தக் குழாயின் வாயில் கிடந்த சருகையும் ஒரு குழந்தையின் ரப்பர் பந்தையும் அன்று மாலை நாமே எடுத்துப் போட்டோம். பந்து எந்த வருஷத்து மழையில் உள்ளே போனதோ தெரியாது.

மாமா வெகு நேரம் பேசாமலிருந்தார். ஐம்பதினாயிரம், அறுபதினாயிரம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார். மறுநாள் காலை போர் வண்டி வாசலுக்கு வந்து உறுமிக்கொண்டு நின்றது. மாமா வெளியே போய், "இப்ப வேண்டாமுங்க. மழை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார். ஏஜெண்டு சிறிதும் வருத்தப்படவில்லை. "சரிங்க, எதிர் வீட்டுல கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார். அரை மணி நேரத்தில் தெரு முழுதும் வெள்ளைக் கல்மாவு பறந்தது. தமக்கையார் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, "எதிர்வீட்டு அண்ணிகிட்டேயும் அந்தச் சீட்டுச் சங்கதியைச் சொல்லணும், தம்பி" என்றார்.

புறப்படும்போது, காங்கேயத்துக்கு அப்பால் உள்ள நம் பூர்வீகத் தோட்டத்துக் கிணற்றின் நினைவு அவருக்கு வந்தது. இப்போது அங்கே குத்தகைக்காரர் குடும்பம் அந்த நீரையே குடித்து வருகிறது. வழியில் இறங்கி, புதுப் பாட்டிலைக் கிணற்று நீரிலேயே மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடி, தேதியும் கிணற்றின் ஆழமும் எழுதி ஒட்டினோம். மறுநாளே சோதனைச்சாலையில் கொடுத்துவிட்டோம். சீட்டு வந்ததும் அதைக் குத்தகைக்காரர் கையில் கொடுப்பதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.